வங்கிக் கணக்கிலிருந்து காசு வாங்கும் மென்பொருள்: பொத்தானில் தொடங்காதீர்கள்

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு ஓடர் எடுக்கும் மென்பொருள் செய்து கொடுத்தேன். முதல் நாளே நான் வைத்தது ‘காசு செலுத்து’ என்ற பொத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மூன்று மாதமும் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இல்லாதவற்றைக் கட்டுவதிலேயே போனது. அப்புறம் என்னிடம் வேலை பழக வந்தவர்களும் ஒருவர் விடாமல் அதே பொத்தானில்தான் தொடங்கினார்கள். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம். பொத்தான் ஆறாவது படியில் வரும்.

1. காசு எந்த வழியால் வரும்?

இலங்கையில் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குக் காசு வரச் சில வழிகள் உண்டு. தன் வங்கிச் செயலியைத் திறந்து அவரே அனுப்பலாம். வேறு வங்கிக்கு என்றால் அது பெரும்பாலும் செஃப்ட்ஸ் என்ற வங்கிகளுக்கிடையிலான பரிமாற்ற முறை வழியாக உடனே போய்ச் சேரும். இரவு, ஞாயிறு, போயா என்ற கணக்கெல்லாம் இல்லை. ஒரு தடவைக்கு உச்ச வரம்பு ஒன்று உண்டு. பெரிய தொகைகளுக்கு ஆர்டிஜிஎஸ் என்ற வேறொரு வங்கிப் பரிமாற்ற முறை இருக்கிறது. இரண்டாவது வழி ஜஸ்ட்பே: கணக்கை ஒருமுறை செயலியோடு இணைத்துவிட்டால், அங்கிருந்தே காசு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது லங்கா கியூஆர், கியூஆர் குறியீட்டைப் போனில் ஸ்கேன் பண்ணிக் கட்டுவது. இவற்றில் சிலதையும் கார்டையும் ஒன்றாகக் கட்டித் தரும் சேவைகள்தான் கேட்வேக்கள்.

எது மலிவு என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: காசு வந்ததை என் மென்பொருளுக்கு யார் சொல்வார்கள்? கேட்வே என்றால் அதன் சேர்வர் உங்கள் சேர்வருக்குச் சொல்லும். வாடிக்கையாளர் தானே அனுப்பினால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். வங்கிக் கூற்றில் தேடி நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் கட்டும் வேலை முற்றிலும் வேறு.

சின்ன வியாபாரத்துக்கு நான் இரண்டையும் வைப்பேன். கேட்வே ஒன்று, நேரடிப் பரிமாற்றம் ஒன்று. வங்கியின் ஏபிஐயோடு (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) நேரே இணைவதை முதல் வேலையாக எடுக்கவேண்டாம். ஒப்பந்தம், பாதுகாப்புச் சோதனை என்று அது இழுபடும். புறக்கோட்டை முதலாளிகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

2. பத்திர வேலையை இன்றைக்கே தொடங்குங்கள்

குறியீடு எழுதுவதைவிட அதிக நாள் எடுப்பது இதுதான். வியாபாரப் பதிவுச் சான்றிதழ், உரிமையாளரின் அடையாள அட்டை, வியாபாரத்தின் பெயரில் நடைமுறைக் கணக்கு, கம்பனி என்றால் பணிப்பாளர் சபைத் தீர்மானம் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். இணையத்தளத்தில் பொருட்களின் விலை, காசு திருப்பிக் கொடுக்கும் விதி, தொடர்பு விபரம் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். பாதித் தளத்தைக் காட்டி விண்ணப்பித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது பெயரில். பதிவுச் சான்றிதழில் ‘அன் சன்ஸ்’ இருக்கும், வங்கிக் கணக்கில் இருக்காது. தளத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கும். மூன்றையும் ஒன்றாக்கிய பிறகு விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று, வாடிக்கையாளரின் காசை உங்கள் மென்பொருளில் மிச்சமாக வைத்து, பிறகு எங்கும் செலவழிக்க விடும் யோசனை இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மற்றவர் காசை மின்பணமாக வைத்திருப்பதற்கு மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். 2013 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கொடுப்பனவு அட்டைகள் மற்றும் கைத்தொலைபேசிக் கொடுப்பனவு ஒழுங்குவிதிகள் அதைப் பற்றியவைதான். உங்கள் பொருளுக்கு நீங்கள் காசு வாங்குவது வேறு விடயம்.

3. தரவுத்தளத்தில் ஓடர் வேறு, கொடுப்பனவு வேறு

ஓடர் அட்டவணையில் ‘காசு கட்டியாச்சு: ஆம், இல்லை’ என்று ஒரு நிரல் போட்டு விடுவதுதான் புதியவர்களின் வழக்கம். ஒரு ஓடருக்கு மூன்று தடவை முயற்சி நடக்கலாம். முதல் தடவை மீதி போதாது, இரண்டாவது தடவை சிக்னல் போய்விட்டது, மூன்றாவதில் சரி வந்தது. இரண்டு தவணையாகக் கட்டுபவரும் இருப்பார். அந்த ஒற்றை நிரல் இதில் எதையும் தாங்காது. ஆகவே கொடுப்பனவு முயற்சிகளுக்குத் தனி அட்டவணை வையுங்கள். முயற்சி ஒன்றுக்கு வரி ஒன்று. அதன் நிலை: தொடங்கியது, நிலுவை, வெற்றி, தோல்வி, தெரியாது. கடைசிச் சொல்லை நான் வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். எட்டாவது படியில் ஏன் என்று தெரியும்.

தொகையைத் தசம எண்ணாக வைக்காதீர்கள். கணினியின் மிதவைத் தசமத்தில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. 12,500 ரூபாவை 1250000 சதம் என்று முழு எண்ணாக வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் 100 ஆல் பிரியுங்கள். சதத்துக்குக் கடையில் மதிப்பில்லை என்று நினைக்கலாம். கணக்காளரிடம் ஒரு சதம் இடித்தாலும் கதை முடிந்தது.

4. உசாத்துணை எண்: சின்ன விடயம், பெரிய தலைவலி

நேரடிப் பரிமாற்றத்தில் ‘யாருடைய காசு’ என்பதைச் சொல்லும் ஒரே துரும்பு, வாடிக்கையாளர் குறிப்புப் பகுதியில் தட்டும் எண்தான். ஆரம்பத்தில் நான் நீளமான ஓடர் எண்ணைக் கொடுத்தேன். கூற்றில் அது பாதியில் வெட்டுப்பட்டு வந்தது. சிலர் எண்ணை விட்டுவிட்டு ‘அரிசிக் காசு’ என்று எழுதினார்கள். ஒரே நாளில் மூன்று பேரிடமிருந்து அரிசிக் காசு வந்தது. மூன்றும் 45,000.

இப்போது நான் கொடுப்பது இலக்கங்கள் மட்டுமே உள்ள ஆறிலக்க எண். கோடு, சாய்கோடு, எழுத்து எதுவும் இல்லை. தமிழ் எழுத்து கூற்றுவரை உருப்படியாக வந்து சேரும் என்று நம்பவேண்டாம். ஆறில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். கார்ட் எண்களில் இருக்கும் அதே லூன் முறை.

செய்து காட்டுகிறேன். ஓடர் 48213. வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டிப்பாக்குங்கள்: 3 ஆறாகும், 1 அப்படியே, 2 நாலாகும், 8 அப்படியே, 4 எட்டாகும். இரட்டித்தது இரண்டு இலக்கமாக வந்தால் அந்த இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே அது தேவைப்படவில்லை. கூட்டினால் 27. அடுத்த பத்தின் மடங்கு 30, ஆகவே சரிபார்ப்பு இலக்கம் 3. கொடுக்கும் எண் 482133. வாடிக்கையாளர் இடம் மாற்றி 482313 என்று தட்டினால் கணக்கு 25 என்று வரும், சரிபார்ப்பு இலக்கம் 5 ஆக வேண்டும், ஆனால் 3 இருக்கிறது. பிடிபட்டுவிடும். ஓர் இலக்கம் பிழைத்தால் இந்த முறை கட்டாயம் பிடிக்கும். அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் பிடிக்கும், 09ம் 90ம் மாறினால் மட்டும் தப்பும்.

பிழை பிடிபட்ட வரியை மென்பொருள் தானாகப் பொருத்தக்கூடாது. ஒரு மனிதர் பார்க்கும் பட்டியலுக்கு அனுப்புங்கள். தவறான ஓடருக்குக் காசு ஏறுவதைவிட ஒரு மணித்தியாலம் தாமதிப்பது நல்லது.

வட்ஸ்அப்பில் வரும் சிலிப் படத்தைச் சான்றாக எடுக்காதீர்கள். அதே சிலிப் இரண்டு தடவை வரும். எண் திருத்திய சிலிப் வரும். நாளைய திகதிக்குப் போட்டு வைத்த பரிமாற்றத்தின் சிலிப்கூட வரும், அதைப் பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். படத்தை வாங்கி வையுங்கள், தேட உதவும். பொருளை அனுப்புவது கூற்றில் காசைக் கண்ட பிறகு.

5. சாண்ட்பொக்ஸும் இரகசியச் சாவியும்

கேட்வே தரும் சோதனைச் சூழல்தான் சாண்ட்பொக்ஸ். பத்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதில் வேலையைத் தொடங்கலாம்.

‘அறிவிப்பு வரவே இல்லை அண்ணா’ என்று புதியவர்கள் வந்து நிற்பது இந்தப் படியில்தான். அவர்கள் கொடுத்த முகவரி தங்கள் மடிக்கணினியின் உள்முகவரி. கேட்வேயின் சேர்வர் வெள்ளவத்தையில் உங்கள் மேசைக்கு எப்படி வரும்? வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும். ஒரு சின்னச் சோதனை சேர்வர் எடுங்கள், அல்லது வெளி முகவரிக்கு வருவதை மடிக்கணினிக்குத் தள்ளிவிடும் ஒரு டனல் போடுங்கள்.

கேட்வே தரும் இரகசியச் சாவி சேர்வரில் மட்டும், குறியீட்டுக்கு வெளியே சூழல் மாறியாக இருக்கட்டும். கைத்தொலைபேசிச் செயலிக்குள் வைத்தால் செயலியைப் பிரித்துப் பார்ப்பவர் எவரும் எடுத்துவிடுவார். குறியீட்டின் பழைய பதிப்புகளையும் சேமித்து வைக்கும் கிட்டில் ஒருமுறை ஏற்றிவிட்டால், அடுத்த பதிப்பில் அழித்தாலும் வரலாற்றில் நிற்கும். அப்படி நடந்தால் மறைக்கப் பார்க்காமல் சாவியை மாற்றுங்கள்.

6. இப்போது பொத்தான்

பொத்தானை அழுத்தியதும் தொகையைத் திரையிலிருந்து எடுக்கக்கூடாது. ஓடர் எண்ணை மட்டும் சேர்வருக்கு அனுப்புங்கள், தொகையைச் சேர்வர் தரவுத்தளத்திலிருந்து எடுக்கட்டும். திரையிலிருந்து வரும் தொகையை நம்பினால், உலாவி தெரிந்த ஒருவர் 12,500ஐ 125 ஆக்கி அனுப்புவார்.

சேர்வர் முதலில் முயற்சி அட்டவணையில் ஒரு வரி எழுத வேண்டும், அதன் பிறகுதான் கேட்வேக்கு அனுப்ப வேண்டும். மாறிச் செய்தால், இடையில் மின்சாரம் போனாலும் காசு போயிருக்கும், உங்களிடம் தடயமே இருக்காது.

அனுப்பும்போது ஒரு ஹாஷ் (விபரங்களிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சரிபார்ப்புச் சரம்) கேட்பார்கள். உதாரணத்துக்கு, பேஹியர் என்ற கேட்வேயில் வணிகர் எண், ஓடர் எண், தொகை, நாணயம், அப்புறம் இரகசியச் சாவியின் எம்டி5 ஹாஷ் (ஆங்கிலப் பெரிய எழுத்தில்) ஆகியவற்றை அந்த வரிசையில் ஒட்டி, முழுவதற்கும் திரும்ப எம்டி5 எடுத்துப் பெரிய எழுத்தாக்க வேண்டும். ‘ஹாஷ் பிழை’ என்று வந்தால் முதலில் தொகையைப் பாருங்கள். 12500.00 என்று இருக்க வேண்டும். 12,500.00 என்று காற்புள்ளி இருந்தாலோ 12500 என்று தசமம் இல்லாவிட்டாலோ சரிவராது. இதில் அரை நாள் தொலைக்காத ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

7. அறிவிப்பைக் கையாளுவது

வாடிக்கையாளர் காசு கட்டியதும் இரண்டு விடயம் நடக்கும். அவருடைய உலாவி உங்கள் ‘நன்றி’ பக்கத்துக்குத் திரும்பி வரும். தனியாக, கேட்வேயின் சேர்வர் உங்கள் சேர்வருக்கு ஓர் அறிவிப்பு அனுப்பும். வெப்ஹூக் என்பது இதைத்தான்.

நன்றிப் பக்கம் திறந்ததை வைத்து ஓடரை ‘கட்டியாச்சு’ ஆக்காதீர்கள். அந்த முகவரியை யாரும் தட்டித் திறக்கலாம். மறுபக்கம், காசு கட்டிய கையோடு போனைப் பைக்குள் போடுபவர் அந்தப் பக்கத்துக்கு வரவே மாட்டார். அந்தப் பக்கம் சொல்ல வேண்டியது ‘உங்கள் கொடுப்பனவைச் சரிபார்க்கிறோம்’ என்று மட்டுமே. தீர்ப்பு அறிவிப்பின் கையில்.

அறிவிப்பு வந்ததும் முதலில் அதை வந்தபடியே ஒரு அட்டவணையில் எழுதி வையுங்கள். பின்னால் ஏதும் பிழைத்தால் ‘என்ன வந்தது’ என்று பார்க்க அதைவிட வேறு சாட்சி இல்லை. பிறகு கையொப்பத்தை, அதாவது அறிவிப்போடு வரும் ஹாஷை, சரிபாருங்கள். பேஹியரின் அறிவிப்புக் கையொப்பத்தில் நிலை எண்ணும் சேர்ந்தே இருக்கும், ஆகவே தோல்வியை வெற்றியாக மாற்றி ஒருவர் அனுப்பினால் பொருந்தாது. கையொப்பம் சரியென்றால் ஓடர் எண் உங்களுடையதா, தொகை நீங்கள் கேட்ட அதே தொகையா, நாணயம் ரூபாவா என்று பாருங்கள். தொகையைப் பார்க்க மறப்பவர் அதிகம். கையொப்பம் சரி என்பது ‘இது கேட்வேயிடமிருந்து வந்தது’ என்று மட்டும்தான் சொல்லும். போதிய காசு வந்ததா என்று சொல்லாது.

அதன் பிறகுதான் நிலை எண். பேஹியரில் 2 வெற்றி, 0 நிலுவை, -1 இரத்து, -2 தோல்வி, -3 பிறகு திருப்பி எடுக்கப்பட்டது. ‘2 இல்லையென்றால் தோல்வி’ என்று எழுதுவது பெரும் பிழை. 0 வந்த ஆளுக்குச் ‘சரிவரவில்லை, திரும்பக் கட்டுங்கள்’ என்று திரை சொல்லும், அவரும் திரும்பக் கட்டுவார்.

ஒரே அறிவிப்பு இரண்டு, மூன்று தடவை வரலாம். அது பிழை இல்லை. உங்கள் சேர்வர் பதில் சொல்லப் பிந்தினால் திரும்ப அனுப்புவது இப்படியான சேவைகளின் வழக்கம். கேட்வே தரும் கொடுப்பனவு எண்ணோடு நிலையையும் சேர்த்து, அந்தச் சோடி இரண்டாம் தடவை வராதபடி தரவுத்தளத்திலேயே தடை போடுங்கள். ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று குறியீட்டில் மட்டும் பார்த்தால், ஒரே கணத்தில் இரண்டு அறிவிப்பு வந்தால் இரண்டுமே ‘இல்லை’ என்று பதில் பெறும். நிலையை மாற்றுவதையும் கணக்கில் ஏற்றுவதையும் ஒரே தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் வையுங்கள்: நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டும் இல்லை.

குறுஞ்செய்தி அனுப்புவது, பற்றுச்சீட்டு அடிப்பது எல்லாவற்றையும் பின்வரிசையில் போட்டுவிட்டு, அறிவிப்புக்கு உடனே 200 (‘கிடைத்தது’ என்று சொல்லும் இணையக் குறியீடு) என்று பதில் சொல்லுங்கள். என் முதல் பதிப்பில் பற்றுச்சீட்டை அடித்து முடித்துத்தான் பதில் போனது. அது பிந்தியதால் அறிவிப்பு திரும்ப வந்தது, ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே பற்றுச்சீட்டு நாலு போனது. முதலாளி கோல் எடுத்து, ‘தம்பி, அந்த மனுசன் நாலு தரம் காசு வெட்டிப்போட்டீங்கள் எண்டு கத்துறார்’ என்றார். வெட்டுப்பட்டது ஒருமுறைதான். நம்ப வைக்கத்தான் நேரம் எடுத்தது.

8. ‘தெரியாது’ என்பதும் ஒரு நிலைதான்

கேட்வேயிடம் கேட்டீர்கள், முப்பது செக்கனில் பதில் இல்லை. காசு போனதா, இல்லையா? உங்களுக்குத் தெரியாது, அதைத் தெரியாது என்றே எழுதுங்கள். தோல்வி என்று எழுதிவிட்டு அடுத்த முயற்சியைத் திறந்து கொடுத்தால் இரண்டு தடவை காசு போகும்.

தெரியாது நிலையில் உள்ளவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, கேட்வேயின் நிலை விசாரணை ஏபிஐயில் கேட்கும் ஒரு சின்ன வேலையை ஓடவிடுங்கள். அது முடிவு சொல்லும்வரை அந்த ஓடரின் பொத்தான் பூட்டியிருக்கட்டும். ஒரு நாள் கடந்தும் முடிவில்லை என்றால் மனிதர் பார்க்கட்டும்.

9. காசு திருப்பிக் கொடுக்கும்போது: கணக்கு எண் ஓர் எண் அல்ல

கணக்கு எண்ணை எழுத்துச் சரமாகவே வையுங்கள். எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூச்சியம் காணாமற்போகும். எக்செல் கோப்பில் திறந்து சேமித்தாலும் அதே கதி, பன்னிரண்டு இலக்கக் கணக்கு எண்ணை அது 1.07E+11 என்பது போலக் காட்டிவிடும். கிளைக் குறியீடும் அப்படித்தான்: மூன்று இலக்கம், 005 என்பது 5 ஆகக்கூடாது. வங்கிக் குறியீடு நாலு இலக்கம்: இலங்கை வங்கி 7010, கொமர்ஷல் வங்கி 7056, ஹட்டன் நஷனல் 7083, மக்கள் வங்கி 7135. பட்டியலைக் கையால் தட்டாமல் வங்கியிடமே கோப்பாக வாங்குங்கள். ஐரோப்பிய உதாரணங்களைப் பார்த்து ஐபானுக்கு (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) பெட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் ஐபான் இல்லை.

திருப்பிக் கொடுத்ததைப் புது வரியாக எழுதுங்கள். பழைய வரியை அழித்தால் கூற்றில் இரண்டு வரியும் உங்களிடம் ஒன்றும் இல்லாமலும் நிற்கும்.

வாடிக்கையாளரிடம் இணைய வங்கிக் கடவுச்சொல்லோ ஓடிபியோ எந்தப் படிவத்திலும் கேட்கக்கூடாது. கணக்கு எண்ணைக்கூடத் தேவையானவருக்கு மட்டும் காட்டுங்கள், மற்றவர்களுக்குக் கடைசி நாலு இலக்கம் போதும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருதரம் வாசித்து வையுங்கள்.

10. தினமும் கூற்றோடு பொருத்துவது

காலையில் முதல் வேலையாக, வங்கிக் கூற்றையும் உங்கள் கொடுப்பனவு அட்டவணையையும் எதிரெதிரே வையுங்கள். இரண்டிலும் இருப்பவை சரி. கூற்றில் மட்டும் இருப்பவை உசாத்துணை பிழைத்தவை. உங்களிடம் மட்டும் இருப்பவைதான் ஆபத்து, பொருள் போயிருக்கும், காசு வந்திருக்காது.

கேட்வே ஒவ்வொரு ஓடருக்கும் தனித்தனியாகக் காசு போடாது. பல ஓடர்களைச் சேர்த்து, தன் கட்டணத்தைக் கழித்து, ஒரே தொகையாகப் போடும். ஆகவே அதன் தீர்வு அறிக்கையை நடுவில் வைத்தே பொருத்த வேண்டும். கட்டணத்தைத் தனிச் செலவு வரியாக எழுதுங்கள், இல்லையென்றால் விற்பனை குறைந்தது போலக் கணக்கு காட்டும்.

போயாவும் வங்கி விடுமுறைதான். செஃப்ட்ஸ் ஓடும், ஆனால் வங்கி வேலைநாளைப் பார்த்து வரும் தீர்வுத் தொகை அடுத்த வேலைநாளில்தான் வரும். வெசாக் காலத்தில் இரண்டு நாள் விடுமுறையோடு வார இறுதியும் சேர்ந்தால், புது ஆட்கள் ‘காசு நின்றுவிட்டது’ என்று பதறுவார்கள். விடுமுறைப் பட்டியலை மென்பொருளில் ஏற்றி வைத்தால் பதற்றம் குறையும்.

அப்புறம் நேரம். சேர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். கொழும்பின் நள்ளிரவு அங்கே முந்தின நாள் மாலை 6.30. நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையில் வந்த காசெல்லாம் நேற்றைய கணக்கில் விழும். நேரத்தைப் பொது நேரத்திலேயே சேமித்து, அறிக்கை எடுக்கும்போது கொழும்பு நேர வலயத்துக்கு மாற்றுங்கள். ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டாதீர்கள். 1996 ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை நமக்கும் உலகப் பொது நேரத்துக்கும் ஆறு மணித்தியால வித்தியாசம், பழைய பதிவுகள் இருந்தால் அது கடிக்கும்.

கடைசியாக ஒரு முடிவு உங்களுடையது அல்ல: பரிமாற்றக் கட்டணத்தைக் கழித்து 12,475 அனுப்பும் வாடிக்கையாளரை என்ன செய்வது? அந்த 25 ரூபாவை விடுவதா, நிலுவையில் வைப்பதா என்று முதலாளியைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

11. நேரலைக்குப் போகும் நாள்

சோதனைச் சாவிகளை மாற்றியாயிற்றா, அறிவிப்பு முகவரி உண்மையான தளத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேண்டாம், செவ்வாய் காலை நல்லது. பிரச்சினை வந்தால் வங்கியிலும் கேட்வேயிலும் பேச ஆள் இருப்பார்கள்.

உங்கள் சொந்தக் காசில் 100 ரூபா கட்டுங்கள். பிறகு வேறு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு 100, இந்தத் தடவை காசு போன கையோடு உலாவியை மூடிவிடுங்கள். மூன்றாவது 100ஐ நேரடிப் பரிமாற்றமாக, உசாத்துணையில் வேண்டுமென்றே ஓர் இலக்கத்தைப் பிழைத்து அனுப்புங்கள். முதல் இரண்டும் தாமாகப் பொருந்த வேண்டும், மூன்றாவது மனிதர் பார்க்கும் பட்டியலில் நிற்க வேண்டும். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தும் பாருங்கள். கேட்வேயில் கட்டிய தொகை கட்டணம் கழிந்து கூற்றில் வந்து, முயற்சி அட்டவணையோடு பொருந்திய பிறகு இணைப்பை முதலாளிக்கு அனுப்புங்கள்.